வினோத் துவா கேட்டது

1985-ல் தூர்தர்ஷனில் 'ஜன்வாணி' வந்தது. அமைச்சரை உட்காரவைத்து சாதாரண ஜனங்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்பார்கள். அரசாங்க டிவியில், அரசாங்கத்தையே! நடத்தியவர் வினோத் துவா. பிரிவினையில் தேரா இஸ்மாயில் கானிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை.

தேர்தல் முடிவு நாட்களில் பிரணாய் ராய் ஆங்கிலத்தில் சொல்வதைத் துவா சுடச்சுட இந்தியில் சொல்வார். எங்க வடுகபட்டி பூண்டு மண்டிக்கு ரெண்டு பாஷையும் தூரம்தான்.

2018-ல் அவர்மீது பாலியல் தொந்தரவு புகார் எழுந்தது, மறுத்தார். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2020-ல், யூடியூபில் மோடி அரசை விமர்சித்ததற்காக சிம்லாவில் தேசத்துரோக வழக்கு. 2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1962-ன் கேதார்நாத் சிங் தீர்ப்பு ஒவ்வொரு பத்திரிகையாளருக்கும் பாதுகாப்பு என்றது. பத்து வருஷ அனுபவமுள்ளவர்கள்மீது ஒரு குழு ஆராய்ந்த பிறகே வழக்குப் போடவேண்டும் என்றும் துவா கேட்டிருந்தார். அதை ஏற்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. நேற்று செல்போனைத் தூக்கிப் பேச ஆரம்பித்த வடுகபட்டிப் பையனுக்கு எந்தக் குழு வரும்?

அதே ஜூனில் மனைவி சின்னா கொரோனாவில் இறந்தார். டிசம்பர் 4-ல் துவாவும் போனார்.