பெட்டரியை வெயிலில் காயவைத்த காலமும் இன்றைய சார்ஜரும்



போன கிழமை எங்கள் மாணவன் ஒருவன் பொலித்தீன் பைக்குள் இரண்டு பென்டோர்ச் பெட்டரிகளைக் கொண்டுவந்து காட்டினான். ஒன்றின் அடிப்பக்கம் வீங்கி, உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகக் கசிந்திருந்தது. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சார்ஜரில் கடையில் வாங்கிய சாதாரண பெட்டரியைப் போட்டு இரவு முழுக்க விட்டிருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று பின்னேரமே ஊர்க் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றத் தொடங்கிவிட்டது. சார்ஜ் பண்ணுகிற பெட்டரி வெடிக்குமாம், வீட்டில் வைக்கக் கூடாதாம். வெடிக்கவும் இல்லை, அது சார்ஜ் பண்ணுகிற பெட்டரியும் இல்லை. அந்தப் பதிவைக் கேட்ட இரண்டு வீடுகளில் நல்ல பெட்டரிகளைத் தூக்கிக் களப்புப் பக்கம் எறிந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே பெட்டரி வந்துவிட்டது. எங்கள் மூத்தாப்பா காலத்து வாடிகளில் இரண்டு சாமான்களுக்கு மரியாதை இருந்தது. ஒன்று மூன்று பெட்டரி போடும் நீளமான டோர்ச். மற்றது தோல் உறை போட்ட ட்ரான்சிஸ்டர் ரேடியோ. கடலுக்குப் போகிறவருக்குக் காலநிலை அறிவித்தல், வீட்டிலிருப்பவருக்கு இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி, நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்ப டோர்ச். பெட்டரி இறங்கிவிட்டால் உடனே எறிய மாட்டார்கள். கிடுகுக் கூரையின் மேல் வெயிலில் காயவைப்பார்கள். சிலர் பல்லால் கடித்து நசுக்குவார்கள் (பிள்ளைகளே, இதைச் செய்து பார்க்க வேண்டாம்). அதன் பிறகு ரேடியோ இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்காவது பேசும்.

அது மந்திரமில்லை. 1866 இல் ஜோர்ஜ் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த கலத்தின் வழித்தோன்றல்தான் அந்தப் பெட்டரி. வெளியே நாகத் தகடு, நடுவில் காபன் கோல், அதைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டு, இடையில் அமோனியம் குளோரைட்டுப் பசை. ஆரம்பத்தில் அது திரவம் நிரப்பிய கண்ணாடிச் சாடி. 1880களின் பிற்பகுதியில் ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் திரவத்தைப் பசையாக்கிய பிறகுதான் கையில் தூக்கிச் செல்லும் பெட்டரியானது. வேலை செய்யச் செய்ய உள்ளே கழிவு படிந்து பாதை அடைபடும். வெயில் சூடு அந்த அடைப்பைக் கொஞ்சம் தளர்த்தும். மிச்சமிருந்த சக்தி வெளியே வரும், புதுச் சக்தி ஒன்றும் உள்ளே போவதில்லை. கரைந்த நாகம் திரும்பி வராது. இந்த ஒரு வித்தியாசம் அந்த மாணவனுக்குத் தெரிந்திருந்தால் அவன் பெட்டரி வீங்கியிருக்காது.

இந்தக் கதையில் நம் மண்ணோடு ஒட்டிய ஒரு பகுதி இருக்கிறது. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதும் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடைப்பட்ட சாமான்களில் டோர்ச் பெட்டரியும் ஒன்று. கண்ணிவெடிக்குப் பயன்படும் என்பது அரசு சொன்ன காரணம். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். இன்று நம்மோடு ஒன்றாக வாழும், சம்பந்தம் செய்துகொண்ட பல குடும்பங்களின் கதை அது.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்த ஒரு மூத்தம்மா எங்களிடம் அடிக்கடி சொல்லுவா: முகாமுக்கு வந்த கிழமை புத்தளம் கடையில் பெட்டரி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாவாம். வாங்கக் கையில் காசில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு பழைய வீட்டைப் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் தடைக்காலக் கதையைச் சொல்லியிருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்பார்களாம். மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். தீர்ந்த பெட்டரியில் ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார்களாம். காய்ந்துபோன பசை திரும்ப ஈரமானால் சிறிது நேரம் மின்னோட்டம் வரும். இது சரி. ஆனால் ஒரு பெட்டரிக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது.

உண்மையிலேயே திரும்ப நிரப்பக்கூடிய சிறிய பெட்டரிக்கு வழி 1899 இல் சுவீடனில் வால்டெமார் யுங்னர் என்பவரால் திறக்கப்பட்டது. நிக்கலும் கட்மியமும் கொண்ட கலம் அது. எடிசனும் அதே காலத்தில் நிக்கல், இரும்புக் கலத்தை மோட்டார் வண்டிக்காகச் செய்துகொண்டிருந்தார். யுங்னரின் கலத்திற்கு ஒரு குறை இருந்தது. நிரம்பிய பிறகும் மின்னைச் செலுத்தினால் உள்ளே வாயு உண்டாகும், அதனால் மூடி வைக்க முடியாது. 1947 அளவில்தான் அந்த வாயுவை உள்ளேயே திரும்பச் சேரவைத்து, முழுதாக மூடிய கலம் செய்யப்பட்டது. பழைய கோர்ட்லெஸ் போன்களுக்குள் இருந்தவை இவற்றின் பிள்ளைகள். கட்மியம் நஞ்சு என்பதால் 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சாமான்களில் இதைக் கட்டுப்படுத்தியது.

எங்கள் பார்வையில் அன்றிலிருந்து இன்றுவரை சார்ஜரின் கதை முழுவதும் ஒரே கேள்விதான்: எப்போது நிறுத்துவது? பெட்டரிக்கு வாய் இல்லை, போதும் என்று சொல்லாது. நிரம்பிய பிறகு உள்ளே போகும் மின்னெல்லாம் ஒட்சிசனாகவும் சூடாகவும் மாறும். சூடு கலத்தை வதைக்கும், அளவு கடந்தால் கசியவைக்கும். பழைய சார்ஜர்கள் இதற்குச் சொன்ன பதில் மெதுவாகச் செய் என்பதுதான். பெட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம். 2000 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய பெட்டரிக்கு 200 மில்லி அம்பியர். மனிதர் மணிக்கூட்டைப் பார்த்துக் கழற்ற வேண்டும். மறந்தால் பெட்டரி மெதுவாக வெந்துகொண்டிருக்கும். பாதி இறங்கிய பெட்டரியைப் போட்டால் அந்த மணிக் கணக்கே பிழை. இரண்டு இரண்டாகவே ஏற்றும் சார்ஜரென்றால் ஒன்று நிரம்பியும் மற்றதற்காக வெந்துகொண்டிருக்க வேண்டும்.

வடக்கில் பெட்டரி தடைப்பட்டிருந்த அதே நாட்களில், 1990ஐ ஒட்டி, கட்மியத்திற்குப் பதில் ஐதரசனை உறிஞ்சும் உலோகக் கலவை வைத்த நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பெட்டரி சந்தைக்கு வந்தது. இன்று கடையில் ரீசார்ஜபிள் என்று எழுதி 1.2 வோல்ற் என்று போட்டிருக்கும் சின்ன பெட்டரிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நம்மூர் ஆட்களுக்கு இதை விளங்கவைக்க எங்களிடம் ஒரு வழி உண்டு: ப்ரியஸ், அக்குவா கார். 1997 இல் வந்த முதல் ப்ரியஸின் ஹைபிரிட் பெட்டரி இதே இனம். அந்தக் கார்கள் பெட்டரியை முழுக்க நிரப்பவும் விடாது, முழுக்க இறக்கவும் விடாது. நடுவிலேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் அது பல வருடம் தாங்குகிறது. கவனித்துக்கொள்வது உள்ளே இருக்கும் கணினி.

வீட்டு ஸ்மார்ட் சார்ஜரும் அந்தக் கணினியின் சின்னத் தம்பிதான். மின் ஏறும்போது பெட்டரியின் வோல்ற்றளவு கூடிக்கொண்டே போகும். நிரம்பியதும் உச்சத்தைத் தொட்டுச் சிறிது இறங்கும். நிக்கல் கட்மியத்தில் இந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். மெற்றல் ஹைட்ரைட்டில் ஐந்து பத்து மில்லி வோல்ற், அவ்வளவுதான். ஒரு வோல்ற்றை ஆயிரமாகப் பிரித்ததில் ஐந்து! அதைப் பிடிக்கிற சார்ஜர்தான் உண்மையான ஸ்மார்ட் சார்ஜர். நல்லவற்றில் சூட்டைப் பார்க்கும் ஏற்பாடும், எல்லாம் தவறினால் நிறுத்த ஒரு நேர எல்லையும் இருக்கும். ஒவ்வொரு பெட்டரியையும் தனித்தனியாகப் பார்க்கும். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சின்ன இறக்கம் தெரியாமலே போய்விடும். ஆகவே ஸ்மார்ட் சார்ஜரை மிக மெதுவாக வைத்தால் நல்லது என்று நினைப்பதும் பிழை. 2000 பெட்டரிக்கு 500 முதல் 1000 மில்லி அம்பியர் சரியாக இருக்கும்.

இன்னொரு குறையும் இருந்தது. ஆரம்ப கால மெற்றல் ஹைட்ரைட் பெட்டரி சும்மா மேசையில் கிடந்தாலே இறங்கிவிடும். 2005 இல் ஜப்பானின் சன்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் ஒரு வருடம் கிடந்தாலும் பெரும்பகுதி சக்தியைத் தக்கவைக்கும் பெட்டரியைக் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகளும் அந்த வகையைச் செய்கின்றன. அவசரத்துக்கு வைக்கும் டோர்ச்சுக்கு அதுதான் பொருத்தம்.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நம் தீபகற்பத்திலேயே நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் மின் நிலையம் நிற்கிறது. இருந்தும் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை தள்ளிப்போய் 2022 மே 23ஆம் திகதி தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் எந்த வெளிச்சத்தில் படித்தார்கள் என்பது அவர்களுடைய உம்மாமாருக்குத் தெரியும். நாங்களும் ஒரு கடையில் மலிவான சார்ஜரும் நான்கு பெட்டரியும் வாங்கி மாணவருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தோம். அந்தச் சார்ஜரில் ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும்தான். நிரம்பினாலும் சிவப்பு, வெறுமையென்றாலும் சிவப்பு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் பெட்டரியை அதிலேயே விட்டுவைத்தோம். ஆறு மாதத்தில் நான்கும் அரை மணி நேரம்கூட விளக்கெரிக்கவில்லை. பயிற்சிக் கலாசாலையில் மின்கலப் பாடம் படித்து, அதையே படிப்பிக்கும் நாங்கள்தான் இப்படிச் செய்தோம். பிறகு நண்பர் ஒருவரின் ஸ்மார்ட் சார்ஜரில் ஏற்றி இறக்கி அளந்து பார்த்தபோது, 2000 என்று எழுதியிருந்த பெட்டரியில் 600 கூட இருக்கவில்லை. பிழை பெட்டரியிலா, சார்ஜரிலா, எங்களிலா என்று கேட்டால் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றே சொல்வோம்.

எல்லாவற்றுக்கும் ரீசார்ஜ் பெட்டரி வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சுவர் மணிக்கூடும் ரிமோட்டும் மிகக் குறைவாகவே குடிக்கும். அவற்றுக்குச் சாதாரண பெட்டரி போதும். டோர்ச், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், பிரஷர் பார்க்கும் மெஷின், இரவில் கணவாய் பிடிக்கப் போகிறவரின் தலை விளக்கு, இவைதான் பெட்டரியைத் தின்பவை. அங்கே மாற்றினால் ஒரு வருடத்தில் சார்ஜரின் விலை திரும்பிவிடும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ஒன்றாக வாங்கிய பெட்டரிகளை ஒன்றாகவே பாவியுங்கள், வாங்கிய மாதத்தைப் பேனாவால் அதிலேயே எழுதி வையுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே டோர்ச்சில் கலந்தால் பலவீனமானது தலைகீழாகச் சார்ஜாகிக் கெடும். சார்ஜில் இளஞ்சூடு வருவது சாதாரணம். கையில் பிடிக்க முடியாத சூடென்றால் பிளக்கை அணைத்து, ஆறிய பிறகு கழற்றுங்கள். பெட்டரியின் மேல் ரீசார்ஜபிள் என்று இல்லாவிட்டால் அது எந்தச் சார்ஜருக்குள்ளும் போகக் கூடாது. சில ஸ்மார்ட் சார்ஜர்கள் தவறான பெட்டரியைக் கண்டுபிடித்து மறுத்துவிடும், எல்லாம் அப்படியில்லை. லித்தியம் பெட்டரி வேறு இனம், அதற்கு அதன் சொந்தச் சார்ஜர்தான்.

கெட்டுப்போன பெட்டரியைக் களப்பிலோ கடற்கரையிலோ எறிய வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். எங்கள் வகுப்பறையில் ஒரு பழைய பெயின்ட் வாளி வைத்திருக்கிறோம். பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், ஒப்படைக்க வழி கிடைக்கும்வரை மூடி வைத்திருப்போம். வீட்டிலிருக்கும் ரீசார்ஜ் பெட்டரி உயிரோடிருக்கிறதா என்று தெரிய வேண்டியவர்கள் வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டுவரலாம். அந்த நண்பரின் சார்ஜரைக் கடன் கேட்டிருக்கிறோம். ஒரு தடவைக்கு நான்கு பெட்டரிதான் அளக்க முடியும், அதற்கும் சில மணி நேரம் எடுக்கும். ஆகவே பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெட்டரி வீங்கிய மாணவன்தான் அளவுகளைக் கொப்பியில் பதியப் போகிறான்.