தொண்டைப் புற்றுநோயும் எச்.பி.வி. வைரஸும்

மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., தோலிலும் வாய், பிறப்புறுப்பு போன்ற இடங்களின் ஈரச் சவ்விலும் தங்கும் வைரஸ் குடும்பம். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தொண்டைப் புற்றோடு நெருங்கிய தொடர்புடையது 16-ஆம் வகை. தமிழில் தொண்டை என்றால் குரல்வளையும் அதில் அடங்கும், உணவுக்குழாயின் தொடக்கமும் அடங்கும். இந்த வைரஸுக்கு உறுதியான பங்கு இருப்பதோ டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றில்தான். குரல்வளைப் புற்றையும் கன்னப் புற்றையும் இதோடு சேர்த்துப் பேசுவது தவறு.

இந்த வைரஸ் குடும்பத்தால் வரும் மருவை அரைத்து, செல்களை வடிகட்டி நீக்கிய சாறு கூடப் புது மருவை உண்டாக்கும் என்று இத்தாலிய மருத்துவர் சியுஃபோ 1907-இல் காட்டினார். 1933-இல் ரிச்சர்ட் ஷோப் காட்டு முயல்களின் மருவிலும் வைரஸைக் கண்டார். ஆயினும், மனிதருக்கு இந்த வைரஸ்கள் தொல்லையே தவிர ஆபத்தில்லை என்ற எண்ணம் நெடுநாள் நீடித்தது. ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் குழு 1983-இல் 16-ஆம் வகையையும் அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் கருப்பைவாய்ப் புற்றில் பிரித்தெடுத்தது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாய்ப் புற்றிலும் இந்த வைரஸுக்குப் பங்கு இருக்கலாம் என்று பின்லாந்தின் சிர்யானென் குழு எழுதியதும் அதே 1983-இல்தான். 2000-இல் மௌரா கில்லிசன் குழு 253 தலை, கழுத்துப் புற்றுகளைச் சோதித்து, நான்கில் ஒன்றில் வைரஸைக் கண்டது. அவற்றில் பத்துக்கு ஒன்பது 16-ஆம் வகை.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வில் சென்னையும் ஒரு மையம். 2003-இல் வெளியான முடிவின்படி வாய்ப் புற்றுகளில் 3.9 விழுக்காட்டிலும், வாய்க்குப் பின்புறத் தொண்டைப் புற்றுகளில் 18.3 விழுக்காட்டிலும் வைரஸின் டிஎன்ஏ இருந்தது. வாய்ப் புற்று வந்தவர்களில் புகைப்போரிடமும் வெற்றிலை போடுவோரிடமும் அது குறைவாகவே காணப்பட்டது. வைரஸ் வழிப் புற்றும் புகையிலை வழிப் புற்றும் இரு வேறு நோய்கள் என்பதை இது சுட்டுகிறது. 1995-இல் கேரளத்தில் வெற்றிலை போடுவோரின் 91 வாய்ப் புற்றுகளில் 74 விழுக்காட்டில் வைரஸ் கண்டதாக ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் திசுவில் வைரஸ் இருந்தாலே அதுதான் புற்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை.

வைரஸின் இ6 புரதம் செல்லின் காவலான பி53-ஐ அழிக்கிறது. இ7 புரதம் ஆர்பி என்னும் கடிவாளத்தை முடக்குகிறது. அதனால் பி16 என்ற புரதம் செல்லில் குவிகிறது. பயாப்சி துண்டுக்குச் சாயமேற்றும்போது நூற்றுக்கு எழுபது செல்களாவது அழுத்தமான பழுப்பு நிறத்தில் தெரிந்தால் பி16 பாசிட்டிவ், அதாவது வைரஸ் வழிப் புற்றின் அடையாளம் என்பார்கள்.

வைரஸ் வழிப் புற்று வந்த பலருக்கு முதல் அறிகுறி தொண்டையில் தெரிவதில்லை. கழுத்தின் பக்கவாட்டில் வலியில்லாமல் நெறி கட்டுகிறது. சளிக்கு நெறி கட்டினால் சில நாளில் வற்றிவிடும். இரண்டு, மூன்று வாரமாகியும் கரையாத கட்டியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். வைரஸ் வழிப் புற்று சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் இவ்வகையில் 82.4 விழுக்காடு, வைரஸ் இல்லாதவர்களில் 57.1. இந்த வேறுபாட்டால் 2017-இல் இதற்கென நோயின் நிலையைக் குறிக்கும் தனிப் பகுப்பே வகுக்கப்பட்டது.

வைரஸ் ஒருபுறம் இருக்க, திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ போன்ற பனியன் தொழிற்பேட்டைகளில் முதல் எதிரி இன்னமும் புகையிலைதான். 2013-இல் குட்காவுக்கு மாநிலத் தடை வந்தது. ஆனால் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கும் ஹான்ஸ் புகையிலையும் பீடியும் மதுவும் பிடியை விடவில்லை. எச்.பி.வி.யோ பஞ்சுத் தூசியில் பரவுவதில்லை. நெருங்கிய உடலுறவில், குறிப்பாக வாய்வழி உறவில் பரவுகிறது. தொற்றிய பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானாக நீங்கிவிடும். நோயாளியின் ஒழுக்கத்தை எடைபோட இந்தத் தொற்று காரணமாகாது.

புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசி 6, 11, 16, 18 ஆகிய வகைகளுக்கு எதிரானது. 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை 14 வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை அறிவித்தது. தொண்டைப் புற்று அதிகம் தாக்குவது ஆண்களை. ஆனால் பையன்கள் இந்த அறிவிப்பில் சேரவில்லை.