பற்றாசு

மும்பை செம்பூரை ஒட்டிய திலக் நகரில் டி.வி., மிக்சி ரிப்பேர் பார்க்கும் தமிழர் வாயில் ஈயத்தை உருக்கி இணைக்கும் ஒரே வேலைக்கு மூன்று சொற்கள் புழங்கும். வாடிக்கையாளரிடம் இந்தியில் 'டாங்கா', சாமான் வாங்கும் கடையில் 'சால்டர்', பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரரிடம் 'பத்த வை'. டாங்கா தையலுக்கும் உரிய சொல். சால்டர், 'திடமாக்கு' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல்லோ ஓர் உலோகம் மற்றொன்றைப் பற்றுவதைச் சொல்கிறது.

அதன் பொருத்தம் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் விளங்கும். சூடேறிய முனை, பாகத்தின் காலையும் போர்டின் செம்புத் திட்டையும் சேர்த்துத் தொடுகிறது. ஈயக் கம்பி பட்டதும் உருகிப் பரவி, பளபளப்பான சிறு கூம்பாக உறைகிறது. வெள்ளீயமும் செம்பும் கலந்து இடையில் மெல்லிய புதுப் படலம் உண்டாகிறது. சூடு போதாவிட்டால் ஈயம் ஒட்டியதுபோலத் தெரியும், பற்றியிருக்காது. மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பது இதைத்தான்.

ஈயம் என்ற பொதுப்பெயரும் இங்கே பொருந்துகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்தால் 183 டிகிரி செல்சியஸில் உருகும். தனித்தனியே 232, 327 டிகிரி வேண்டும். காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுக் கருவிகளில் அதைக் கட்டுப்படுத்தியது. காரீயம் இல்லாத கலவைகளில் வெள்ளீயத்தோடு பெரும்பாலும் வெள்ளியும் செம்பும் சேர்கின்றன.

இப்படிப் பற்றவைக்கும் பொருளுக்குப் பழைய பெயர் பற்றாசு. ஆசு என்றால் குற்றம். பற்றுக்கோடு என்றும் பொருள் உண்டு. பட்டறைச் சொல்லான இது யாப்புக்கும் போயிற்று. நேரிசை வெண்பாவில் முதற் குறட்பாவும் தனிச்சொல்லும் இசையாமல் நின்றால், இடையில் ஓரிரு அசை கூட்டி இணைப்பார்கள். அந்த அசை ஆசு. அந்தப் பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. ஒன்றுபடாத உலோகங்களைப் பற்றாசு இட்டு இணைப்பதையே யாப்பருங்கலக்காரிகை உரை இதற்கு உவமையாகக் காட்டுகிறது.

இன்று 'பற்றவைப்பு' பெரும்பாலும் வெல்டிங்கைக் குறிக்கிறது. வெல்டிங்கில் இணையும் துண்டுகளே உருகும். பற்றாசில் செம்பு உருகுவதில்லை, ஆசிடை வெண்பாவில் குறட்பாவின் சொல் மாறுவதில்லை. இரண்டிலும் இணைப்பது இடையில் வரும் மூன்றாவது பொருள். ஆகவே தொழிற்பயிற்சிப் பாடநூல்கள் வெல்டிங்கைப் பற்றவைப்பு என்றும் சால்டரைப் பற்றாசு என்றும் பிரித்தே எழுத வேண்டும். மாணவர் பெயரைப் படிக்கும்போதே வேலையின் வேறுபாட்டையும் படித்துவிடுவார்.