நகர்ப் பெரும்பணிகளும் அவற்றின் பொருட்பயனும்: குண்டசாலையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஒரு நகரத்திலே பெரும்பணியொன்று நிறைவேறுமிடத்து, அதனாற் பெறப்பட்ட நன்மையைக் கண்டு மகிழ்தல் எளிது. கணக்கிட்டு அறிதல் அரிது. மாளிகையும் குளமும் வீதியும் எவர்க்கும் புலனாவன. அவற்றை ஆக்குதற்குச் சென்ற உழைப்பும், அவ்வுழைப்பு வேறிடஞ் சென்றமையால் விளையாது போன நெல்லும் எங்கும் புலனாவதில்லை. ஆதலின், பெரும்பணிகளின் பொருட்பயனை அளக்கப் புகுவோர் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை முதற்கண் வினவுதல் வேண்டும். கண்டி மாநகரும், அதன் கிழக்கே மாவலி கங்கைக் கரையில் அமைந்த குண்டசாலையும் இவ்வினாவுக்கு முந்நூறு ஆண்டு வரலாற்றைச் சான்றாகத் தருகின்றன.

குண்டசாலையின் பெயர் வரலாற்றில் நிலைபெற்றது வீர நரேந்திரசிங்க மன்னனால் ஆகும். 1707 முதல் 1739 வரை ஆண்ட இம்மன்னன் கண்டியை விட்டு நீங்கி இவ்வாற்றங்கரையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், குண்டசாலை மன்னன் என்றே அழைக்கப்பட்டான். மதுரையிலிருந்து அரசியரை மணந்தவன்; மைந்தனின்றி அவன் இறந்தபின், 1739 இல் அரசியின் உடன்பிறந்தான் முடிசூட, நாயக்கர் மரபு கண்டியில் தொடங்கிற்று. அரசன் உறையும் இடம் அங்காடியும் தொழிலும் பெறும். அவன் நீங்கின் அவையும் நீங்கும். மாளிகையைச் சார்ந்து குண்டசாலையில் எழுந்த வாழ்வு அவ்வாறே ஒடுங்கிற்று. ஓரிடத்துக்குக் கிடைத்த ஆக்கம் பிறிதோரிடத்திலிருந்து பெயர்க்கப்பட்டதாயின், நாட்டின் முழுச் செல்வம் அதனால் வளர்ந்ததாகாது. பொருட்பயனை அளப்போர் அறியவேண்டிய முதற்பாடம் இஃதாகும்.

இரண்டாம் பாடத்தைக் கண்டிக் குளம் கற்பிக்கின்றது. நாயக்கர் மரபின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், 1807 முதல் 1812 வரையான காலத்தில், தலதா மாளிகைக்கு முன்னிருந்த வயல்வெளியை அணையிட்டுக் குளமாக்கினான். எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவும், முகிற் சுவர் எனப்படும் மதிலும் அவன் காலத்துப் பணிகளே. இவற்றைச் சமைத்த சிற்பி தேவேந்திர மூலாசாரி என்பது மரபு. இவை இன்று கண்டியின் அணிகலன்களாகத் திகழ்கின்றன. 1988 இல் இந்நகர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தமைக்கும் இத்தகைய ஆக்கங்களே துணைநின்றன.

ஆயின், இக்குளத்துக்கு ஆன செலவு யாது? அரசன் கருவூலத்திலிருந்து பெரும்பொருள் வெளிச்செல்லவில்லை. பணி இராசகாரியத்தால் நடைபெற்றது. நிலத்தை அனுபவிப்போர் அதற்கு ஈடாக அரசனுக்குக் கூலியின்றி ஊழியஞ் செய்யும் முறைமையே இராசகாரியம். கூலி இல்லாமையாற் செலவும் இல்லை என்பது பிழையான கணக்கு. பொருளியலார் இதனை அமையச் செலவு என்பர். ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிட்ட மற்றொன்றின் பெறுமதியே ஒன்றன் உண்மைச் செலவாகும். எடுத்துக்காட்டாக, ஓராயிரம் உழவர் முப்பது நாள் மண் சுமந்தனர் எனக் கொள்வோம். அது முப்பதினாயிரம் மனித நாட்களாகும். அந்நாட்கள் உழவும் அறுவடையும் இல்லாக் காலத்தனவாயின் இழப்புச் சிறிது. நாற்று நடுங் காலத்தனவாயின் ஓராண்டு உணவே இழக்கப்படும். ஒரே உழைப்பு பருவத்துக்கேற்ப வெவ்வேறு விலை பெறுகின்றது. அவ்விலையைக் கொடுத்தோர் குடிகள், பெற்றோர் அரண்மனையார். இத்துடன் நீரில் மூழ்கிய வயலின் விளைவையும் கூட்டுதல் வேண்டும்.

1815 இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைப்பட்டமைக்குப் பிரதானிகளின் பகை, ஆங்கிலேயரின் சூழ்ச்சி, அரசனின் கடுமை எனப் பல காரணங்கள் உள. குளமே அரசைக் கவிழ்த்தது எனல் மிகையாகும். எனினும், ஓயாத கட்டடப் பணிகளின் சுமையாற் குடிகள் மனங்கசந்தமையும் அக்காரணங்களுள் ஒன்றென வரலாற்றாசிரியர் கூறுவர். கணக்கேட்டில் எழுதப்படாத செலவு அழிந்துபோவதில்லை. வேறோர் ஏட்டில் அது கடனாக நிற்கின்றது.

அரசனைக் குறைகூறி ஆட்சியேற்ற ஆங்கிலேயர் தாமும் அம்முறைமையைக் கைவிட்டாரல்லர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தபோது, இராசகாரிய உழைப்பையே பெரிதும் பயன்படுத்தினார். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. வேலூரிற் சிறையிருந்த இறுதி மன்னன் உயிர்நீத்ததும் அவ்வாண்டிலேயாம். அதன்பின், வீதியமைப்போர் உழைப்புக்கு விலை கொடுக்கலாயினர். செலவும் ஏட்டில் ஏறலாயிற்று.

வீதியையடுத்துப் புகையிரதம் வந்தது. 1867 இல் கொழும்பு–கண்டிப் பாதை திறக்கப்பட்டது. இத்தகைய பணிகளின் பயனை அளத்தற்குரிய வழியைப் பிரான்சியப் பொறியியலாளர் டுப்புய் 1844 இலேயே ஆராய்ந்தார். பாலத்துக்குக் கிடைக்கும் சுங்கமே அதன் பயனன்று. அதனைக் கடப்போர் எவ்வளவு கொடுக்க உடன்படுவரோ அதுவே பயனின் அளவு என்பது அவர் கருத்து. அமெரிக்க வரலாற்றறிஞர் ரொபேட் போகல் 1964 இல் வேறொரு வழியை மேற்கொண்டார். புகையிரதம் இல்லாதிருப்பின் அதே பண்டங்களைக் கால்வாயாலும் வண்டியாலும் கொண்டுசெல்ல எவ்வளவு மிகைச்செலவு ஆகியிருக்கும் என வினவி, புகையிரதத்தின் பயன் மக்கள் எண்ணியதினுஞ் சிறிதென்று காட்டினார். கண்டியிலோ நிலைமை வேறு. மலைநாட்டுக் கோப்பிக்கு மாட்டுவண்டியன்றி வேறு வழியில்லை. ஆகவே, இங்கு மிச்சமான செலவு பெரிது. அம்மிச்சத்தின் பெரும்பங்கு சென்றடைந்தது தோட்டத்துரைமாரை. மதுரை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்து, நோயாலும் பசியாலும் வழியில் மாண்ட தொழிலாளரின் இழப்பு அக்கணக்கில் இடம்பெறவில்லை.

காலமும் கணக்கை மாற்றவல்லது. கோப்பிக்காக இட்ட பாதை திறந்து ஈராண்டில், 1869 இல், இலைநோய் தோன்றிற்று. இருபதாண்டுக்குள் கோப்பி வீழ்ந்தது. ஆயின், பாதை திறந்த 1867 ஆம் ஆண்டிலேயே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். 1880 இல் அளந்தோர் பாதையை நட்டமெனக் கூறியிருத்தல் கூடும். 1900 இல் அளந்தோர் அதனையே பேறெனக் கூறியிருப்பர்.

நம் காலத்துப் பெரும்பணி மாவலித் திட்டமாகும். 1976 இல் நிறைவுற்ற பொல்கொல்லை அணை, குண்டசாலைக்கு மேலே ஆற்றுநீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியே வடக்கே திருப்பிற்று. குண்டசாலைக்குக் கீழே, 122 மீற்றர் உயரமுடைய விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பெற்று, 210 மெகாவாற்று மின்னாற்றலைத் தருகின்றது. மின்னொளி நாடெங்கும் பரந்தது. நீர் வறண்ட வலயத்து வயல்களை அடைந்தது. பழைய தெல்தெனிய நகரமோ நீருள் மறைந்தது. இடம்பெயர்ந்தோருட் பலர் தொலைவிலுள்ள குடியேற்றங்களுக்குச் சென்றனர். திகன போன்ற இடங்களில் புதிய நகர்கள் எழுந்தன. பயன் பரந்து கிடக்க, இழப்பு ஓரிடத்தில் குவிந்து நின்றது. மூழ்கிய வீட்டுக்கு விலை மதிக்கலாம். நெடுநாளைய வாடிக்கையாளரை இழந்த கடைக்காரனின் இழப்புக்கு மதிப்பீட்டாளர் ஏட்டில் இடமில்லை.

இன்று குண்டசாலைப் பிரதேசத்தில், பல்லேகலையில் கைத்தொழிற் பேட்டையும், மாகாண சபை அலுவலகங்களும், 2009 இல் திறந்த விளையாட்டரங்கும் உள. மலைகளால் நெருக்குண்ட கண்டி கிழக்கே விரிகின்றது. இவ்விரிவை அளப்போர் இரு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். வேறிடத்திலிருந்து பெயர்ந்துவந்த தொழிலைப் புதிய தொழிலாக எண்ணுதல் ஒன்று. நரேந்திரசிங்கன் காலத்துப் பாடமே இது. பயண நேரம் குறைந்ததாற் பெற்ற நன்மையையும், அதனாலேயே உயர்ந்த காணி விலையையும் தனித்தனி நன்மைகளாகக் கூட்டுதல் மற்றொன்று. அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே நன்மையின் இரு தோற்றங்கள். காணியுடையார்க்கு விலையேற்றம் வரவு. குடிக்கூலியிருப்போர்க்கு அதுவே வாடகை உயர்வாகிய செலவு.

இதுகாறுங் கூறியவற்றால், மொத்த வரவிலிருந்து மொத்தச் செலவைக் கழித்து மீதியைக் காட்டுதல் மட்டும் போதாமை விளங்கும். அம்மீதி பெரிதாயிருக்கும்போதும், கொடுத்தவர் ஒருவராகவும் பெற்றவர் மற்றொருவராகவும் இருத்தல் கூடும். ஆதலின், கொடுத்தோர் பெயரும் பெற்றோர் பெயரும் வெவ்வேறு நிரலில் எழுதப்படுதல் வேண்டும். அவ்வாறு எழுதினாலன்றி, பெற்றோர் கொடுத்தோர்க்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டோர் என்பது எவர்க்கும் தோன்றாது. கண்டிக் குளத்தின் அழகைப் போற்றுவோம். அதன் அணைக்கு மண் சுமந்தோரின் பெயரை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம். இனி எழும் பணிகளின் கணக்கை எழுதப்போகும் மாணவர், அவ்வெற்றிடத்தை நிரப்பி எழுதுவாராக.