பாடம் தேர்தல்: அன்றும் இன்றும்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின், சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் இடமும் பெற்றுவிட்டவர். கையில் ஒரு தாள். அதில் முதன்மைப் பாடம், துணைப் பாடம், பல்துறைப் பாடம், மொழிப் பாடம், திறன் பாடம், விழுமியப் பாடம் எனக் கட்டம் கட்டமாக இடம் விடப்பட்டிருந்தது. "ஹஜ்ரத், இதிலே எது எளிது? எதிலே மார்க் கூட வரும்? நாளைக்குள்ளே பதிஞ்சாகணும்" என்றார். தந்தையார் வளைகுடாவில் இருக்கிறார். தாயாருக்கு அத்தாளின் சொற்கள் விளங்கவில்லை. எனக்கும் முதற்பார்வையில் அவை விளங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

எதைக் கற்பது, அதை யார் தீர்மானிப்பது என்னும் வினா கல்வியைப் போலவே பழமையானது. அதற்கு நம் முன்னோர் கண்ட விடை யாது, மேலை நாட்டார் கண்ட விடை யாது, காரைக்கால் கண்ட அனுபவம் யாது என்பதை ஒருசேர நோக்கினால், இன்று அத்தாளை நிரப்பும் மாணவனுக்கு ஓரளவு வெளிச்சம் கிட்டும்.

மதரஸாக்களில் ஆரம்ப மாணவர்க்கு ஓதிக் கொடுக்கப்படும் சிறு நூல்களுள் ஒன்று இமாம் புர்ஹானுத்தீன் ஸர்நூஜி (ரஹ்) அவர்களின் 'தஃலீமுல் முதஅல்லிம்'. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மத்திய ஆசியாவில் எழுந்தது. மாணவன் தனக்குரிய கலையைத் தானே தேர்ந்துகொள்ளாமல் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அன்னாரின் கருத்து. ஆசிரியர் பலரைக் கண்டவர். எவருடைய இயல்புக்கு எது பொருந்தும் என அறிந்தவர் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறார். சான்றாக ஒரு செய்தியையும் எடுத்துரைக்கிறார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் முதலில் முஹம்மது இப்னு ஹஸன் அவர்களிடம் பிக்ஹுக் கலையில் தொழுகைப் பாடத்தைத் தொடங்கினார்களாம். அவர்களோ இவர்களின் இயல்பைக் கண்டு, ஹதீஸ் கலைக்குச் செல்லுமாறு திருப்பிவிட்டார்களாம்.

வரலாற்று நோக்கில் இச்செய்தியை அப்படியே ஏற்பதில் ஓர் இடர் உண்டு. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் புகழ்பெற்ற மாணவரான முஹம்மது இப்னு ஹஸன் அவர்களே ஈண்டுக் குறிக்கப்படுவாராயின், அன்னார் மறைந்தது ஹிஜ்ரி 189. இமாம் புகாரி பிறந்ததோ ஹிஜ்ரி 194. ஆயினும் அதன் உட்பொருள் பழுதுபடவில்லை. ஆசிரியர் மாணவனைப் பார்த்துப் பாடத்தைச் சொன்னார். மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதே நூலில் மற்றோர் அறிவுரையும் உண்டு. புகாரா நகருக்குக் கற்கச் செல்பவன் அவசரப்பட்டு ஓர் ஆசிரியரிடம் அமர்ந்துவிடலாகாது. இரண்டு மாதம் பொறுத்திருந்து, ஆய்ந்து, பின்னரே தேர வேண்டும் என்பது அது. இடையில் விட்டு வேறிடம் சென்றால் கற்றதில் பரக்கத் இராது. ஆகவே தொடங்குமுன் நிதானம் வேண்டும் என்பது கருத்து. ஆக, பாடத்தைத் தேர்வது ஆசிரியர். அவ்வாசிரியரைத் தேர்வது மாணவன். இரண்டு தேர்வுகளும் அவசரத்திற்கு இடங்கொடாதவை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இவ்வினாவைச் சமுதாயத்தின் பக்கம் நின்று நோக்கினார்கள். 'இஹ்யா'வின் முதற்பகுதியில் கல்வியைப் பர்ளு ஐன் என்றும் பர்ளு கிபாயா என்றும் வகுத்து, மருத்துவத்தையும் கணிதத்தையும் இரண்டாம் வகையில் சேர்த்தார்கள். உழவும் நெசவும்கூட அவ்வகையைச் சேர்ந்தனவே. ஓர் ஊரில் ஒருவர் கற்றாலும் ஏனையோர் கடமை நீங்கும். ஒருவருமே கல்லாவிடில் ஊரே குற்றத்திற்கு உள்ளாகும். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, பதவியும் செல்வாக்கும் தரும் சட்டக் கலையை நோக்கியே எல்லோரும் விரைகின்றனரே என்று அன்னார் வருந்தினார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்வருத்தம் புதிதாகவே இருக்கிறது. பாடத்தின் பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

காலப்போக்கில் இவ்விருவகைத் தேர்வுகளும் சுருங்கின. 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் பிரங்கி மஹல் அறிஞரான முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் 'தர்ஸே நிஜாமி' என்னும் வரிசைப் பாடத்திட்டம் இந்திய மதரஸாக்களில் நிலைபெற்றது. எந்த ஆண்டில் எந்தக் கிதாப் என்பது அதில் முன்கூட்டியே முடிவானது. கெய்ரோவின் அல் அஸ்ஹரிலும் நெடுங்காலம் மாணவன் தான் விரும்பிய தூணருகே, விரும்பிய ஆசிரியரின் வட்டத்தில் அமரலாம் என்ற நிலையே இருந்தது. 1872இல்தான் ஆலிம் பட்டத்திற்குப் பதினொரு பாடங்களில் தேர்வு என்று சட்டம் வகுத்தனர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மருத்துவமும் பொறியியலும் அங்கு இடம்பெற்றன. வரிசைத் திட்டத்தால் நன்மை இல்லாமலில்லை. எளிதென்று ஒன்றை எடுத்து, கடினமென்று ஒன்றை விட்டுவிட அதில் வழியில்லை. ஆனால் எல்லா இயல்பினருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்ததன் இழப்பும் அதில் உண்டு.

மேலை நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். 1890களில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நீங்கலாக ஏறத்தாழ யாவும் விருப்பப் பாடங்களாயின. மாணவர் சுதந்திரம் வளர்ந்தது. கூடவே, எளிய பாடங்களைத் தேடிச் சேர்க்கும் வழக்கமும் வளர்ந்தது. எலியட்டுக்குப் பின் வந்த லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டுமென விதி செய்து அச்சுதந்திரத்திற்குக் கரை கட்டினார். நம் மாணவர் கையிலிருந்த தாளில் முதன்மைப் பாடம் என்றும் பல்துறைப் பாடம் என்றும் இரு கட்டங்கள் இருந்தனவே, அவற்றின் மூலம் இதுதான்.

இனி நம் காரைக்காலுக்கு வருவோம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், 1954 நவம்பர் 1 அன்று நிருவாக முறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்ட முறையிலும் இந்தியாவுடன் இணைந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் முன்னிருந்த பாடத்தேர்வு, ஒரு மொழித் தேர்வாகவே இருந்தது. மார்க்கத்திற்கு அரபி, வீட்டிற்கும் கடைக்கும் தமிழ், சர்க்காருக்கும் சைகோனுக்கும் பிரெஞ்சு, எல்லைக்கு அப்பால் நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் ஆங்கிலம். சைகோன் நகரின் நடுவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கடல் கடந்து அங்கே வாணிகம் செய்தவர்களுக்குப் பிரெஞ்சு ஒரு விருப்பப் பாடமன்று, அரிசிப் பானை. 1954க்குப் பின் காற்றின் திசை மாறியது. பிரெஞ்சில் தேர்ந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்திற்குத் திரும்பினர். ஒரு தலைமுறை எடுத்த பாடம் அடுத்த தலைமுறைக்கு உதவாமற் போகலாம் என்பதை இவ்வூரைப் போல் நேரில் கண்ட ஊர்கள் சில.

பின்னர் காரைக்காலுக்கு அரசு கலைக் கல்லூரி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடமுறை அதன் வழியே வந்தது. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், இப்பகுதிக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட அமைப்பு, 2023-24 கல்வியாண்டு முதல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட். நான்காண்டுப் பட்டத்திற்கு 160. மூன்றாண்டுக் கணக்கில் முதன்மைப் பாடத்திற்கு 60, துணைப் பாடத்திற்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறனுக்கு 8, தொழில்திறனுக்கு 9, விழுமியப் பாடங்களுக்கு 6 முதல் 8 வரை என்பது குறைந்த அளவு. விரிவுரையாயின், ஒரு பருவத்தில் பதினைந்து மணி நேரம் கற்றால் ஒரு கிரெடிட். முற்காலத்தில் மாணவன் ஊர் ஊராகச் சென்று, ஆசிரியரிடம் கிதாபை ஓதி முடித்து, 'இஜாஸா' பெற்று வந்தான். இன்று கிரெடிட்டுகளைச் சேமித்து வேறு கல்லூரிக்கு எடுத்துச் செல்ல 2021 முதல் ஒரு சேமிப்பு ஏற்பாடே உண்டு. இஜாஸாவில் ஆசிரியரின் பெயரும் நூலின் பெயரும் இருந்தன. கிரெடிட்டில் மணிக்கணக்கு இருக்கிறது. வேற்றுமை அவ்வளவே என்றாலும் அது சிறிய வேற்றுமையன்று.

இவ்வமைப்பில் பலரும் கவனியாத இரு விதிகள் உள. பன்னிரண்டாம் வகுப்பில் படித்து முடித்ததையே பல்துறைப் பாடமாக மீண்டும் எடுத்துக்கொள்ள இயலாது என்பது ஒன்று. துணைப் பாடம் எதுவென்பதை, பல பாடங்களைச் சுவைத்துப் பார்த்தபின், இரண்டாம் பருவத்தின் முடிவில் அறிவிக்கலாம் என்பது மற்றொன்று. ஸர்நூஜி (ரஹ்) அவர்கள் புகாராவில் வேண்டிய இரு மாத நிதானம், இங்கே ஓராண்டாக நீட்டித் தரப்பட்டிருக்கிறது. முதலாண்டு முடிவெடுக்கும் ஆண்டன்று, ஆய்ந்தறியும் ஆண்டு. இதை அறியாமல் முதல் நாளிலேயே 'எது எளிது' என்று கேட்டு நிரப்புவோர், தமக்குக் கிடைத்த அவகாசத்தைத் தாமே கைவிடுகின்றனர்.

நம் சமுதாயத்தார் தனியே கருத வேண்டியது ஒன்றுண்டு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டித் தமிழகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்க்கு, பகுதி ஒன்றில் தமிழுக்கு மாற்றாக, அரபி கற்பிக்கும் கல்லூரிகளில் அரபியை எடுக்க வழியுண்டு. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் (1951) சென்னை புதுக்கல்லூரியும் (1951) அத்தகையன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு, பகுதி ஒன்றில் வேறு மொழி எடுப்போர், பகுதி நான்கில் சிறப்புத் தமிழ் படிக்க வேண்டும் என்ற விதி அங்கு உண்டு. சிலர் இதைச் சுமையென்பர், அடியேன் அருளென்பேன். அரபியையும் தமிழையும் ஒரே மாணவன் கையில் சேர்க்கும் விதி அது. மானியக் குழுவின் புதிய அமைப்பிலோ, மொழித்திறன் என்பது இக்கால இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் என்றே வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே அங்கே அரபி நுழைய வேண்டுமாயின் துணைப் பாடமாகவோ பல்துறைப் பாடமாகவோதான் நுழைய வேண்டும். அதுவும் கற்பிக்க ஆசிரியர் உள்ள கல்லூரியில் மட்டுமே.

இதனால் ஆவதென்ன என்று வினவலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றினார்கள். அம்மரபில் வந்த கிதாபுகளும் கையேடுகளும் காரைக்கால், நாகூர், காயல்பட்டினம் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. அரபி எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்க்கு அதிலுள்ள செந்தமிழ் விளங்குவதில்லை. செந்தமிழ் கற்றவர்க்கு அவ்வெழுத்து தெரிவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்றவர் ஊருக்கு ஒருவராவது இருப்பது, கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அளவுகோலின்படி, நம்மீது பர்ளு கிபாயா என்று சொல்லத் துணிகிறேன். முதலாண்டுத் தாளில் ஒரு கட்டத்தை எப்படி நிரப்புகிறோம் என்பதில் ஒரு மரபு வாழ்வதும் மறைவதும் அடங்கியிருக்கிறது. அதற்காக எல்லோரும் அரபியை எடுக்க வேண்டுமென்பதில்லை. ஊருக்கு மருத்துவரும் வேண்டும், கணக்கரும் வேண்டும், கடலறிந்தவரும் வேண்டும். எல்லோரும் ஒரே கட்டத்தில் குவியலாகாது என்பதே கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பாடம்.

தேர்வுக்கு நம் மார்க்கம் இரண்டு வழிகளைக் காட்டித் தந்திருக்கிறது. அறிந்தோரிடம் மஷ்வரா; பின்பு இரண்டு ரகஅத் தொழுது இஸ்திகாரா. முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் செய்வோர் நம்மில் பலர். கல்லூரிக்குச் சென்று, இப்பாடத்தை நடத்துபவர் யார், சென்ற ஆண்டு இவ்வகுப்பு நடந்ததா, இதை எடுத்தால் மேற்படிப்பில் எவ்வழி திறக்கும், எவ்வழி அடைபடும், பின்னால் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் எது என்று நான்கு கேள்வி கேட்பது மஷ்வராவில் அடங்கும். பட்டியலில் பத்துப் பாடம் இருப்பினும், ஆசிரியர் உள்ள பாடமே வகுப்பாக நடக்கும்.

திண்ணைக்கு வந்த மாணவரிடம் இவ்வளவையும் அன்று நான் சொல்லவில்லை. "தம்பி, எளிது எதுன்னு கேக்காதீங்க, யாரு நடத்துறாங்கன்னு போய்க் கேளுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் அவர் துறை ஆசிரியர்கள் இருவரைக் கண்டு பேசிவிட்டு வந்தார். பொருளியலை முதன்மையாகவும், தமிழை மொழிப் பாடமாகவும் பதிந்தார். பல்துறைப் பாடத்தில் வரலாற்றை எழுதினார். அரபி அப்பட்டியலில் இல்லை. "பரவாயில்லை ஹஜ்ரத், எங்க பாட்டிம்மா வச்சிருந்த அரபுத்தமிழ்க் கிதாபு ஒண்ணு வீட்டிலே இருக்கு, அதை உங்ககிட்டே ஓதலாமா?" என்றார்.

வாரம் இரண்டு நாள், மஃரிபுக்குப் பின், அக்கிதாபைக் கொண்டு வருகிறார். இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. அதற்குக் கிரெடிட் கிடையாது. கற்றதைக் கொண்டு பயன்பெறும் பாக்கியத்தை வல்ல நாயன் அவருக்கும் நமக்கும் அருள்வானாக! ஆமீன்.