வயரிங் என்றொரு பெயர்

ஆர்டுயினோ போர்டு வாங்கியவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் ஏற்றிப் பார்ப்பது ஒரே புரோகிராமைத்தான். அதன் பெயர் பிளிங்க். யு.எஸ்.பி கேபிளைச் செருகி, மென்பொருளில் எந்த போர்டு என்பதைத் தேர்ந்து, அப்லோடு பட்டனை அமுக்கினால் 13-ஆம் பின்னோடு சேர்ந்த குட்டி விளக்கு ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும். புரோகிராமில் இரண்டே பகுதி. செட்டப் ஒருமுறை ஓடும்; லூப், கரண்ட் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். அஞ்சு நிமிஷ வேலை. இந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் 8051 கிட் வைத்திருந்தார்கள். இன்டெல் 1980-இல் கொண்டுவந்த மைக்ரோகன்ட்ரோலர் அது. கிட்டிலுள்ள சின்ன விசைப்பலகையில் எண்களாகத் தட்டுவோம். 74 என்றால் அக்குமுலேட்டரில் அடுத்து வரும் எண்ணை வை. 80 எஃப்இ என்றால் நின்ற இடத்திலேயே சுற்று. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. நிலைத்து இருக்க வேண்டுமென்றால் இப்ராம் சில்லில் எழுத வேண்டும், அதற்குத் தனிக் கருவி. எழுதியதை மாற்ற, சில்லைப் பிடுங்கி, அதன் முதுகிலுள்ள கண்ணாடி ஜன்னல் வழியே புற ஊதா ஒளி படும்படி ஒரு பெட்டிக்குள் வைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பிறகு, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் சில்லுக்குள்ளேயே வந்தது. நார்வேயில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் யோசித்ததிலிருந்து பிறந்த ஏவிஆர் சில்லுகளை அட்மெல் நிறுவனம் 1990-களின் பிற்பாதியில் விற்கத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த மெகா சில்லுகளால் தம் நினைவகத்தைத் தாமே திருத்தி எழுத முடியும். ஆகவே பூட்லோடர் என்ற சிறு நிரலை உள்ளே குடிவைத்துவிடலாம். ரீசெட் ஆனதும் அது கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கும். கணினியிலிருந்து புதிய புரோகிராம் வந்தால் வாங்கி எழுதிக்கொள்ளும், வராவிட்டால் பழையதை ஓடவிடும். தனிக் கருவி தேவையில்லை.

ஆனாலும் ஒரு விளக்கை எரியவைக்க எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட்டை மாற்றுவது என்று நூற்றுக்கணக்கான பக்கமுள்ள டேட்டாஷீட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. எஞ்சினியருக்குச் சரி. ஓவியம் படித்தவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வி எழுந்த இடம் இத்தாலியின் இவ்ரேயா. தட்டச்சு இயந்திரம் செய்த ஒலிவெட்டியின் ஊர். ஒலிவெட்டியும் டெலிகாம் இத்தாலியாவும் சேர்ந்து அங்கே நடத்திய வடிவமைப்புக் கல்லூரியில் கொலம்பியாவிலிருந்து வந்து படித்தவர் எர்னாண்டோ பார்ரகான். 2003-இல் தன் முதுகலை ஆய்வாக அவர் தொடங்கியதுதான் வயரிங். வழிகாட்டிகள் மாசிமோ பான்சியும் கேசி ரியாஸும். ரியாஸ், பென் ஃப்ரையுடன் சேர்ந்து ஓவியர்களுக்காக ப்ராசஸிங் என்ற மென்பொருளை உருவாக்கியவர். அதில் செட்டப், ட்ரா என்று இரண்டு பகுதிகள் உண்டு. வயரிங்கில் ட்ராவின் இடத்தில் லூப் வந்தது. 'பின்மோட்', 'டிஜிட்டல்ரைட்' என்று நாம் இன்றும் தட்டும் சொற்கள் வயரிங்கில் இருந்தவை. டேட்டாஷீட்டின் பக்கங்கள் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டன. என்னைக் கேட்டால் முழு விஷயத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

வயரிங் போர்டில் இருந்தது ஏடிமெகா128. 2005-இல் பான்சி, டேவிட் குவார்டியேயெஸ், டேவிட் மெல்லிஸ் ஆகியோர் விலை மலிவான ஏடிமெகா8 சில்லுக்கு வயரிங்கை ஏற்பாடு செய்து, தனிக் கிளையாகப் பிரித்து, ஆர்டுயினோ என்று பெயரிட்டார்கள். டாம் ஐகோவும் ஜான்லூகா மார்டினோவும் சேர்ந்துகொண்டார்கள். கல்லூரி மூடப்படும் நிலையில் இருந்ததால் எல்லாவற்றையும் பொதுவில் திறந்துவைத்தார்கள். பெயர் அந்த ஊர் மதுக்கடையிலிருந்து வந்தது. கடைக்கோ 1002-இல் இத்தாலியின் அரசனாக முடிசூடி, இரண்டே வருஷத்தில் ஜெர்மானிய அரசனிடம் ஆட்சியைப் பறிகொடுத்த ஆர்டுயினின் பெயர்.

பார்ரகான் அந்தக் குழுவில் இல்லை. 2016-இல் அவர் தன் தரப்பை விரிவாக எழுதி வெளியிட்டார். திறந்த மூல நிரலை யாரும் எடுத்துக் கிளைபிரிக்கலாம், சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆர்டுயினோக்காரர்களும் வயரிங்கை அடிப்படையாகக் கொண்டது என்று சொல்லத்தான் செய்தார்கள். மலிவாக்கியதும், கடைக்குக் கடை கொண்டுபோனதும் அவர்கள் உழைப்பு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேடைகளிலும் பேட்டிகளிலும் கதை 2005-இல் தொடங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, சமைத்தவருக்கு இலை போடாத பந்தி போல இருக்கிறது. அப்புறம் அந்த ஐவருக்குள்ளேயே ஆர்டுயினோ என்ற பெயர் யாருக்கு என்று கோர்ட் வரை போய், 2016-இல் சமாதானமானது தனிக்கதை.

2011 வரை ஆர்டுயினோவின் தலைப்புக் கோப்புக்கு 'டபிள்யூபுரோகிராம்' என்று பெயர். அந்த டபிள்யூ வயரிங்குடையது. ஒன்றாம் பதிப்பில் அதை 'ஆர்டுயினோ' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் யூனோ போர்டுக்கான மென்பொருளில் கோர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல்ரைட்' எழுதப்பட்டிருக்கும் கோப்பின் பெயர் இன்னும் 'வயரிங்_டிஜிட்டல்'தான்.