தரவுத்தள வரிசை விதி

தரவுத்தள வரிசை விதி என்பது சேமித்த சொற்களில் எது முன், எது பின் என்று தீர்மானிக்கும் மொழிசார் நெறி. இரட்டைப் புள்ளியிட்ட ஓ எழுத்தை ஜெர்மன் அகராதிகள் சாதாரண ஓவுடன் சேர்க்கும்; ஸ்வீடிஷ் அகராதிகள் இசட்டுக்குப் பின்னால் தள்ளும்.

தேடலை விரைவாக்கும் பி-மர இண்டெக்ஸ், உருவாக்கும்போது நடப்பிலிருக்கும் விதிப்படி வட்டில் எழுதப்படுகிறது. பின்னர் விதி மாறினாலும் கோப்பின் வரிசை மாறுவதில்லை. அப்போது, இருக்கிற பதிவும் தேடலில் அகப்படாமல் போகலாம். ஒரு முறையே இடம்பெற வேண்டிய மதிப்பு இரு முறை நுழையவும் கூடும்.

வரலாறு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இந்த விதியை நெடுங்காலம் இயங்குதளத்தின் சி நூலகத்திடமே பெற்றுவந்தது. தொடக்கத்தில் ஒரு நிறுவல் முழுவதற்கும் ஒரே விதிதான். 2009இல் வந்த 8.4 பதிப்பு தரவுத்தளம்தோறும், 2011இன் 9.1 பதிப்பு பத்திதோறும் தனி விதியை அனுமதித்தன.

2018 ஆகஸ்டில் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, 2.28 பதிப்பில், வரிசைப்படுத்தலுக்கான ஐஎஸ்ஓ 14651 தரத்தின் புதிய வடிவத்துக்கு மாறியது. அமெரிக்க ஆங்கில அமைப்பில் அதுவரை '11'க்குப் பின்னால் நின்ற '1-1' முன்னால் வந்தது. டெபியன் 10, ரெட் ஹேட் 8 ஆகியவற்றுக்கு மாறியவர்கள், தரவுத்தளத்தைத் தொடாதபோதும், எழுத்துப் பத்திகளின் இண்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

தீர்வுகள்

போஸ்ட்கிரெஸின் 2017இன் 10ஆம் பதிப்பு, சி நூலகத்தோடு ஐசியூ என்ற தனி நூலகத்தையும் ஏற்று, அதன் விதிப் பதிப்பைக் குறித்துவைத்தது. 2020இன் 13ஆம் பதிப்பு, ஜிலிப்சி மாறினாலும் எச்சரிக்கத் தொடங்கியது. 2022இன் 15ஆம் பதிப்பில் ஐசியூவையே தரவுத்தளத்தின் இயல்பு விதியாக வைக்க முடிந்தது. 2024இன் 17ஆம் பதிப்பு, வெளி நூலகத்தைச் சாராமல் யூனிகோட் குறியெண்படி வரிசைப்படுத்தும் உள்ளமைந்த விதியைச் சேர்த்தது.

குறியெண் வரிசை நிலையானது. ஆனால் அகரவரிசை ஆகாது. தமிழில் அதன்படி நகரத்தை அடுத்துப் பகரத்துக்கு முன்பே னகரம் வந்துவிடும். 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போகும். எனவே இண்டெக்ஸைக் குறியெண் வரிசையில் வைத்து, பட்டியல் காட்டும் இடத்தில் மட்டும் மொழி விதியைக் கேட்பது ஒரு வழி. மொழி விதியிலேயே இண்டெக்ஸ் வேண்டுமென்றால், இயங்குதளத்தையோ ஐசியூவையோ புதுப்பிக்கும்போது விதி மாறியதா என்று பார்த்து, மாறியிருந்தால் இண்டெக்ஸை மீண்டும் கட்ட வேண்டும்.